புது மொடல் வரும் என்று சொல்லி வாங்கிய முற்பணம்: திருப்பிக் கேட்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் கடையையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்து கொடுப்பவர். பழைய லெப்டொப் தள்ளாடத் தொடங்கியதும், அப்பிள் கம்பனியின் 14 அங்குல மெக்புக் புரோ லெப்டொப் ஒன்று வாங்கலாம் என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். "இப்ப எடுக்காதீங்க மிஸ், அடுத்த மாசம் டிசைனே மாறி புதுசு வருது. கம்பனியில இருந்து கன்ஃபர்ம். அட்வான்ஸ் போட்டு வச்சா முதல் லொட்டில உங்களுக்குத்தான்" என்றாராம் கடைக்காரர். 75,000 ரூபா கட்டிவிட்டு வந்திருக்கிறார். பிறகு அதே பேச்சு வட்ஸ்அப்பிலும் குரல் பதிவாக வந்திருக்கிறது. இரண்டரை மாதம் ஆயிற்று, புதுசு வரவில்லை. போய்க் கேட்டால், "கம்பனி தள்ளிப் போட்டுட்டுது, நாங்க என்ன செய்ய? இருக்கிற மொடலை எடுங்க, இல்லாட்டி அட்வான்ஸ் திரும்பாது" என்கிறார்கள். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், முற்பணம் மீளளிக்கப்படமாட்டாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதாம்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. வெளியீட்டுத் திகதியை மறைத்து வைத்ததற்காகக் கம்பனி மீதே வழக்குப் போடலாம் என்கிறார் அத்தான். இவ்வளவு பொறுத்ததுதானே, இன்னும் பொறு என்கிறாள் தோழி. கோயிலுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள் என்கிறார் அம்மா. "எடுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்தானே? அப்படியென்றால் இப்போதைக்கு இருக்கிற மொடலையே எடுக்கட்டுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள், கோயில் கணக்கில் எழுதிவிட வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. உங்கள் விடயத்தில் மூன்று பேருடைய பேச்சு ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. ஒன்று கம்பனி, அது எதுவும் சொல்லவே இல்லை. இன்னொன்று யூடியூபிலும் தொழில்நுட்பத் தளங்களிலும் ஊகம் சொல்பவர்கள். மூன்றாவது உங்கள் கடைக்காரர். சட்டம் இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பதில்லை. உங்களுக்கு உரிமை இருப்பது மூன்றாமவரிடம் மட்டும்தான்.

கம்பனி மீது வழக்கு?

அத்தானின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அடுத்த மொடல் எப்போது என்று முன்கூட்டிச் சொல்லும் கடமை எந்த உற்பத்தியாளருக்கும் கிடையாது. கையில் இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். வரப்போவதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது ஏமாற்று ஆகாது.

அவர்கள் வாயைத் திறக்காததற்கு வியாபாரக் காரணமும் இருக்கிறது. 1981 இல் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்கக் கம்பனி, தூக்கிச் செல்லக்கூடிய கணினி ஒன்றை விற்கத் தொடங்கி நன்றாக ஓடியது. பிறகு, கடைகளில் சரக்கு கிடக்கும்போதே, இதைவிடச் சிறந்தது வருகிறது என்று பேசத் தொடங்கியது. வாங்க நினைத்தவர்கள் நின்றுவிட்டார்கள், கடைகள் ஓடர்களை இரத்துச் செய்தன. 1983 இல் கம்பனி வங்குரோத்து. அது ஒன்றுதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கணினித் தொழிலில் இருப்பவர்கள் எவரும் அந்தக் கதையை மறக்கவில்லை.

ஊகக்காரர்கள் எவ்வளவு சரி?

முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். திரை, சிப் போன்ற பாகங்களுக்குப் போகும் ஓடர்களை வைத்துத்தான் பலர் கணிக்கிறார்கள். என்ன வருகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். எப்போது என்பதில்தான் சறுக்குகிறார்கள். 2021 இல் அப்பிளின் இன்னொரு லெப்டொப்பான மெக்புக் எயார் பற்றி உலாவிய படங்கள் ஞாபகம் இருக்கலாம்: பல வண்ணங்களில், திரையைச் சுற்றி வெள்ளை விளிம்போடு. அந்த வருடக் கடைசிக்குள் வந்துவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். வந்தது 2022 ஜூலையில். தட்டையான உடல் சரியாக இருந்தது. விளிம்பு கறுப்பு, நிறங்களும் அடக்கமானவை.

"கம்பனிக்கு ஒரு கலண்டர் இருக்கிறது, அதன்படி இப்போது வர வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய திகதிகளை வைத்துப் பாருங்கள். இப்போதுள்ள உடலமைப்போடு 14 அங்குல மெக்புக் புரோ வந்தது 2021 ஒக்டோபரில். அடுத்த சிப்போடு வந்தது 2023 ஜனவரியில், அதாவது பதினைந்து மாதம் கழித்து. அதற்கடுத்தது அதே 2023 ஒக்டோபர் கடைசியில், ஒன்பதே மாதத்தில். பிறகு 2024 ஒக்டோபர், 2025 ஒக்டோபர். அந்த 2025 ஒக்டோபரில் ஆரம்ப நிலை 14 அங்குல மொடலுக்கு மட்டும்தான் புதிய சிப் கிடைத்தது. 2023 ஜனவரியில் வாங்கியவர் ஒன்பது மாதத்தில் "பழசு" வைத்திருப்பவராகிவிட்டார். அவருக்கும் யாரிடமும் கேட்க ஒரு உரிமையும் இருக்கவில்லை.

இன்னொரு விடயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னதில் 2021 ஐத் தவிர மற்றதெல்லாம் உள்ளே சிப் மாறியது. வெளியே உடலே மாறுவது அபூர்வம். மெக்புக் புரோவில் அப்படிப் பெரிதாக மாறிய வருடங்கள் 2008, 2012, 2016, 2021. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை நடப்பதை, "அடுத்த மாதம் வருது" என்று ஒரு கடைக்காரர் நிச்சயமாகச் சொன்னால், எங்கே எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதை உங்கள் பிழை என்று சொல்லவில்லை. கடைக்காரருக்குத் தெரியும் என்று நம்பித்தானே எல்லோரும் கடைக்குப் போகிறோம்?

கடைக்காரர் சொன்னது

உங்கள் கை பலமாக இருக்கும் இடம் இதுதான். வெறும் அபிப்பிராயமாக, "வரலாம் போல இருக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அவர் சொன்னது அதுவல்ல. கம்பனியே உறுதிப்படுத்தியது என்று ஒரு உண்மையைப் போலச் சொல்லி, அதை நம்ப வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி எவரும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதமாக நடந்துகொள்ளக் கூடாது என்கிறது. பொய்யான கூற்றுகளை 31 ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின்படியும், பொய்யான கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை நீங்கள் இரத்துச் செய்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம்.

அந்தப் பின்பக்கச் சின்ன எழுத்து? அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முதலாவது, பணம் கைமாறிய பிறகுதான் அந்தக் கடதாசி உங்கள் கைக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்த பின் நீட்டிய நிபந்தனை அதற்குள் இடம்பிடிப்பது கஷ்டம். இரண்டாவது, தான் சொன்ன பொய்யால் வந்த பணத்தை, தானே அச்சடித்த ஒரு வரியைக் காட்டி ஒருவர் வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். "எனக்கு இனி வேண்டாம், மனசு மாறிவிட்டது" என்ற அர்த்தத்தில் ஒரு செய்தி அனுப்பினீர்களோ, கதை தலைகீழாகிவிடும். அப்போது ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள். கடை தன் நட்டத்தைக் கழித்துக்கொள்ளப் பார்க்கும். நீங்கள் சொல்ல வேண்டியது, "நீங்கள் வாக்களித்த பொருளை வாக்களித்த காலத்தில் தரவில்லை, ஆகவே பணத்தைத் தாருங்கள்" என்பதுதான். கோபத்தில் இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவு அனுப்பும் பழக்கம் இருந்தால் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள்.

அவருடைய குரல் பதிவை அழித்துவிடாதீர்கள், வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். மின்னணு வடிவத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு செய்தி சான்றாகாமல் போவதில்லை; 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பற்றுச்சீட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். அந்தக் கடைகளில் தரும் சீட்டு அனேகமாக வெப்பத்தால் அச்சிடும் தாள். கைப்பையில் கிடந்தால் ஆறு மாதத்தில் வெள்ளைக் கடதாசியாகிவிடும்.

எந்தப் படலையைத் தட்டுவது?

முதலில் கடைக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். என்ன சொன்னார்கள், எப்போது பணம் கட்டினீர்கள், எப்போது தருவதாகச் சொன்னார்கள், 14 நாளுக்குள் 75,000 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவு போதும். சட்டத்தரணியின் கடிதத்தாள் தேவையில்லை, நீங்களே எழுதலாம். பாதிக்கு மேற்பட்ட பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே முடிவதைக் கண்டிருக்கிறேன். கடைக்காரருக்கும் வியாபாரம் ஓட வேண்டுமே.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். பொருள் வாங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்று சட்டத்தின் 13 ஆம் பிரிவில் ஒரு எல்லை இருக்கிறது. உங்களுக்குப் பொருளே கிடைக்கவில்லை என்பதால் அந்தக் கணக்கு இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று நான் வாதாடுவேன். ஆனால் வாதாட வேண்டிய நிலைமைக்கு ஏன் போக வேண்டும்? இரண்டரை மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். கடைக்குக் கடிதம் போட்ட அதே வாரத்திலேயே முறைப்பாட்டையும் தயார் செய்து, அந்த மூன்று மாதம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். எழுதும்போது பழுதான பொருள் பற்றிய முறைப்பாடு போல எழுதாமல், தவறாக வழிநடத்திப் பணம் வாங்கியது என்பதை முதல் வரியிலேயே வையுங்கள்.

மத்தியஸ்த சபைக்கும் போகலாம். செலவு இல்லை, இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அங்கே உங்களுக்காக ஒரு சட்டத்தரணி வந்து பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். (எங்கள் தொழிலுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.) நீதிமன்றம் வேண்டாம். 75,000 ரூபாவுக்காகப் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்தால், திகதி எடுத்து எடுத்தே அதைவிடக் கூடச் செலவாகும்.

பேஸ்புக்கில் கடையின் பெயரைப் போட்டு எழுதப்போவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். பணம் திரும்பும் வரை அதைத் தள்ளி வையுங்கள். குற்றவியல் அவதூறு இந்த நாட்டில் 2002 இல் நீக்கப்பட்டாலும், நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடும் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. "கள்ளர் கூட்டம்" என்ற ஒரு சொல்லால் நியாயம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது.

இருக்கிறதையே எடுத்தால் என்ன?

14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீங்கள் நினைப்பதை முதலில் திருத்திவிடுகிறேன். அது அப்பிள் தன் சொந்தக் கடையிலும் சொந்த இணையத்தளத்திலும் விற்பதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு. இலங்கையில் அப்பிளுக்குச் சொந்தக் கடை இல்லை. பம்பலப்பிட்டிக் கடைக்கு அது பொருந்தாது. பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை எங்கள் சட்டத்திலும் இல்லை. பழுதென்றால் வேறு கதை: 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச்சட்டம், விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டது. ஆகவே, "எடுத்துப் பார்ப்போம், பிறகு மாற்றுவோம்" என்ற எண்ணத்தில் எடுக்காதீர்கள். எடுத்தால் வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு எடுங்கள்.

அப்படி எடுப்பது முட்டாள்தனமா? உங்கள் தொழிலை யோசித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது டிசைன் என்றாலே மேல் என்ற நம்பிக்கை உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. 2016 இல் மெக்புக் புரோவின் உடல் மாறியபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் கமெராவின் எஸ்டி அட்டையைச் செருகும் துளையை எடுத்துவிட்டார்கள், வெளித்திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளையையும் எடுத்துவிட்டார்கள். வீடியோக்காரர்கள் இணைப்பிகளைப் பையில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். மெலிதாக்குவதற்காகப் போட்ட விசைப்பலகையில் தூசி புகுந்தால் எழுத்து விழாது, அல்லது இரட்டையாக விழும். 2018 இல் இலவசத் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. 2022 இல் அமெரிக்காவில் அந்த விசைப்பலகை பற்றி வந்த வழக்கை முடிக்க 50 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது கம்பனி. எடுத்த துளைகளைத் திருப்பி வைத்தது 2021 மொடலில். நீங்கள் இப்போது வேண்டாம் என்று சொல்லும் மொடலில் அந்த எஸ்டி துளை இருக்கிறது. கல்யாண மண்டபத்திலிருந்து நாலு அட்டையோடு வருபவருக்கு அது சின்ன விடயமா?

காத்திருந்தால் நல்லதே நடக்காது என்றும் இல்லை. 2025 மார்ச்சில் எம்4 என்ற சிப்போடு மெக்புக் எயார் வந்தபோது, அமெரிக்க விலை முந்தையதைவிட 100 டொலர் குறைந்து 999 ஆனது. ஆனால் கொழும்பில் விலையைத் தீர்மானிப்பது சிப் மட்டுமல்ல, டொலரும் வரியும்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. "இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம்" என்று அன்று நின்றவர்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். அதைவிட, அறிவித்த அன்றே விற்பனை தொடங்கும் நாடுகளின் வரிசையில் இலங்கை பொதுவாக இருப்பதில்லை. முதலில் வந்து சேர்வது துபாய், சிங்கப்பூர் பக்கமிருந்து வரும் சரக்கு, அதுவும் கூடுதல் விலையில்.

என் யோசனை இது. பதிவுத் தபாலை அனுப்புங்கள். அதை அனுப்பிய பிறகு கடைக்காரரே பேச வந்தால், இரண்டே வழி சொல்லுங்கள்: முழுப் பணமும் திரும்ப வேண்டும், அல்லது இப்போதுள்ள மொடலை, முற்பணம் முழுவதையும் கழித்து, அன்றைய சந்தை விலைக்குக் குறைவாகத் தர வேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறுங்க, வருது" என்ற மூன்றாவது வழிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டாயம் பொறுக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு திகதி போட்டு, அன்றைக்குள் வராவிட்டால் பணம் முழுவதும் திரும்பும் என்று எழுதி, கடை முத்திரையோடு கையொப்பம் வாங்குங்கள். தோழியின் யோசனையை அந்தக் கடதாசி இல்லாமல் நான் ஏற்க மாட்டேன்.

கடிதத்தின் கடைசியில் இருந்த ஒரு வரி

எல்லாம் எழுதிவிட்டு, "பழைய லெப்டொப்பின் டச்பேட் இப்போது மேலே எழும்பி நிற்கிறது, அழுத்தினால் கிளிக் ஆவதில்லை" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இது சட்ட ஆலோசனை அல்ல, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. உள்ளே பற்றரி வீங்கியிருக்க வேண்டும். லித்தியம் பற்றரி வீங்கினால் தீப்பிடிக்கலாம். இன்றே மின்னேற்றுவதை நிறுத்துங்கள், மடியிலோ மெத்தையிலோ வைத்து வேலை செய்யாதீர்கள், மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். தெரிந்த ஒரு திருத்துநரிடம் கொடுத்து பற்றரியை மாற்றிவிடுங்கள். புது லெப்டொப் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. அந்த இயந்திரம் இன்னும் ஆறு மாதம் ஓடினால், கடைக்காரரோடு பேசும்போது உங்களுக்கு அவசரமே இருக்காது. வாடிக்கையாளரின் வீடியோக்கள் அதில் மட்டும் இருந்தால், கொடுக்கும் முன் வேறு வட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியில் எந்தக் கடையில் எதை எடுத்தாலும், பற்றுச்சீட்டில் மொடல், நினைவக அளவு, தொடர் இலக்கம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். தொடர் இலக்கத்தை, காசு கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே அப்பிளின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று காட்டும். அது ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால், பெட்டி சீல் உடையாமல் இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். கம்பனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா என்பதையும் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இந்த முறை பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பணத்தை எடுங்கள்.